ஒரே ஸ்லைடு, மூன்று கூட்டம்: காலநிலை மாற்றத்தை யாரிடம் எப்படிப் பேசுவது?

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் காலநிலை மாற்றம் பற்றி மூன்று கூட்டங்களில் பேசியிருக்கிறார்: விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள். மூன்றுக்கும் அதே ஸ்லைடுகள். விவசாயிகள் மரியாதைக்குக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். மாணவர்களில் ஒரு பெண் அழுதுவிட்டார். பொறியாளர்களில் ஒருவர், "பூமியின் காலநிலை எந்தக் காலத்தில்தான் மாறாமல் இருந்தது?" என்று ஆரம்பித்தார், மீதி நேரம் முழுக்க அவரோடு மல்லுக்கட்டியே போய்விட்டது. "இன்னும் என்ன தரவு சேர்த்தால் எடுபடும்?" என்று கேட்கிறார்.

தரவு சேர்க்காதீர்கள். இருப்பதில் பாதியை எடுத்துவிடுங்கள். விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயத்தையே நீங்கள் அவர்களுக்குப் புரியாத மொழியில் திரும்பச் சொன்னீர்கள். மாணவர்களுக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் தெரியும். பொறியாளர்கள் கூட்டத்தில் வாய் திறந்தவர் ஒருவர்தான், மற்ற அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சும்மா இருந்தவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

யேல், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2008-இல் அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தன. அந்தோணி லீசரோவிட்ஸ், எட்வர்ட் மெய்பாக் இருவரும் அதில் முக்கியமானவர்கள். நம்புகிறவர், நம்பாதவர் என்று மக்களை இரண்டாக வெட்டாமல் ஆறாகப் பிரித்தார்கள். பதறிப்போயிருப்பவர்கள் 18 சதவீதம், கவலைப்படுகிறவர்கள் 33, தயங்கி நிற்பவர்கள் 19, கண்டுகொள்ளாதவர்கள் 12, சந்தேகப்படுகிறவர்கள் 11, அடியோடு மறுப்பவர்கள் 7. பிறகு வந்த கணிப்புகளில் இந்த எண்கள் ஏறி இறங்கின, பதறுகிறவர்கள் கூடினார்கள். ஆனால் அடியோடு மறுக்கிறவர்கள் பெரும்பாலும் பத்துக்கு ஒருவர் என்ற அளவிலேயே நின்றார்கள். உங்களை மடக்கியவர் அந்தப் பத்தில் ஒருவர். மற்ற ஒன்பது பேருக்கான நேரத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆறு கட்டங்களை அப்படியே தூக்கி உலகம் முழுக்க ஒட்ட முடியாது. காலநிலை கட்சிச் சண்டையாகிவிட்ட நாட்டில் பிறந்த பகுப்பு இது. 2007-08-இல் கேலப் நிறுவனம் 119 நாடுகளில் எடுத்த கணிப்பை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. உலகத்தில் வயது வந்தவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் காலநிலை மாற்றம் என்ற பேச்சையே கேள்விப்பட்டதில்லை என்றது அது. எகிப்து, வங்கதேசம், இந்தியா போன்ற நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் 65 சதவீதத்தைத் தாண்டினார்கள். அது பழைய கணக்குதான், ஆனால் அதில் இன்னொரு விஷயம் உண்டு. ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும், இது மனிதரால் வந்த வினை என்று புரிந்தவர்கள்தான் அதிகம் அஞ்சினார்கள். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றில், தம் ஊர் வெப்பம் மாறிவிட்டதைத் தோலில் உணர்ந்தவர்கள் அதிகம் அஞ்சினார்கள். ஒரு கூட்டத்தில் தொடக்கப் புள்ளி பாடம், இன்னொன்றில் அனுபவம். உங்கள் விவசாயிகள் இரண்டாவது வகை. அவர்களிடம் போய் உலக சராசரி வெப்பநிலைக் கோட்டைக் காட்டினால் மரியாதைக்குக் கேட்பதைத் தவிர வேறென்ன செய்வார்கள்?

அறிவியல் அறிக்கைகளைத் தமிழில் கொண்டுவருவதும் அவற்றைப் பேசப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பிழைப்பு. ஆரம்ப நாட்களில் ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் "பருவநிலை மாற்றம், பருவநிலை மாற்றம்" என்று முழங்கினேன். முடித்ததும் முன் வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "வெயில் காலம் போயி மழைக்காலம் வர்றது எப்பவும் நடக்குறதுதானே தம்பி, இதுல என்ன புதுசு?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே கேள்வி இருந்திருக்கிறது, அவர்தான் கேட்டார். பருவம் மாறுவது என்றால் தமிழில் அதுதானே பொருள்! அன்றிலிருந்து "காலநிலை மாற்றம்" என்கிறேன். அதுவும் பாமரருக்கு நேரே போய்ச் சேராது. "பூமி சூடாகிக்கிட்டே போகுது, மழை தப்பிப் பெய்யுது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அப்புறம் பெயரைச் சொன்னால் நிற்கிறது.

"பசுமைக்குடில் வாயு" இன்னும் மோசம். அது மரங்கள் விடுகிற நல்ல வாயு என்று ஒரு மாணவர் எழுதிய விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன். அவர் மேல் தப்பில்லை, பசுமை என்று நாம்தான் பெயர் வைத்தோம். இதற்குப் போர்வை நல்ல உவமை: நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்க எரிக்க பூமியைச் சுற்றி இருக்கிற அந்த வாயுப் போர்வை தடிக்கிறது, உள்ளே இருக்கிற சூடு வெளியே போக முடியாமல் தங்குகிறது. இந்த ஒரு படம் மனசில் விழுந்தால், ஓசோன் ஓட்டை வழியாக வெயில் கூடுதலாக உள்ளே வருகிறது என்ற பழைய குழப்பமும் தானாகக் கழன்றுவிடும். அந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் உண்டு, பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பார்த்து வருவது.

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் சொல் இடறத்தான் செய்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐ.பி.சி.சி. (காலநிலை பற்றி ஐ.நா. அமைத்த அறிவியல் குழு) அறிக்கைகள் அன்றாடம் புழங்குகிற சொற்களைச் சாதாரண மக்கள் 20 பேரிடம் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். "மிட்டிகேஷன்" என்ற சொல்தான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நாம் அதைத் "தணிப்பு" என்று மொழிபெயர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். எதைத் தணிப்பது, எப்படி? "புகையைக் குறைப்பது" என்றால் போதும்.

நிகழ்தகவுச் சொற்களிலும் இதே சங்கடம். ஐ.பி.சி.சி. "மிகவும் சாத்தியம்" என்று எழுதினால் 90 சதவீதத்துக்கு மேல் என்று பொருள். வாசகர்கள் அதைவிட மிகக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று டேவிட் புடெஸ்கு என்ற உளவியலாளரின் குழு பல நாடுகளில் சோதித்துக் காட்டியது. சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணையும் எழுதினால் தவறு குறைகிறது. அப்படியே "2 டிகிரி" என்ற எண்ணையும் தனியாக விடாதீர்கள். காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் பார்க்கிறவருக்கு 2 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. உடம்புச் சூடு 37-இலிருந்து 39-க்குப் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

இப்போது பேசாதவர்களிடம் வருகிறேன். 2024-இல் "நேச்சர் கிளைமேட் சேஞ்ச்" இதழில் 125 நாடுகளில் ஏறக்குறைய 1,30,000 பேரிடம் கேட்ட ஓர் ஆய்வு வந்தது. காலநிலையைக் காக்க மாத வருமானத்தில் 1 சதவீதம் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். 69 சதவீதம் பேர் சரி என்றார்கள். அரசாங்கங்கள் இன்னும் செய்ய வேண்டும் என்றவர்கள் 89 சதவீதம். அடுத்த கேள்விதான் விசேஷம்: உங்கள் நாட்டில் எத்தனை பேர் அந்த 1 சதவீதத்தைக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? மக்கள் சொன்ன மதிப்பீட்டின் சராசரி 43. உண்மைக்கும் ஊகத்துக்கும் நடுவே 26 புள்ளி. நான் தயார், பக்கத்துவீட்டுக்காரன்தான் தயாரில்லை என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2022-இல் வந்த இன்னோர் ஆய்வும் இதையே சொன்னது. முக்கியமான காலநிலைக் கொள்கைகளை 66 முதல் 80 சதவீதம் பேர் ஆதரிக்கிறார்கள், ஆனால் ஆதரிப்பவர்கள் 37 முதல் 43 சதவீதம்தான் என்று மக்கள் நினைக்கிறார்கள்.

ஊரே மறுக்கிறது என்று நினைப்பவன் வாயைத் திறக்க மாட்டான். அவன் திறக்காததால் அடுத்தவனும் அப்படியே நினைப்பான். உங்கள் பொறியாளர் கூட்டத்தில் நடந்தது இதுதான் என்று பந்தயம் கட்டுவேன். ஒருவர் மறுத்துப் பேசினார், நீங்கள் அவரோடு வாதிட்டீர்கள், மற்றவர்கள் "இங்கே பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்ளவில்லை போல" என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

பத்திரிகைகளும் இதே தவறைப் பெரிய அளவில் செய்தன. 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களில் வந்த செய்திகளை ஆராய்ந்த பாய்காஃப் சகோதரர்கள், அவற்றில் பாதிக்கு மேல் மனிதரால் வந்த வெப்பமாதல், இயற்கையான மாற்றம் என்ற இரண்டு தரப்புக்கும் சம இடம் கொடுத்ததாக 2004-இல் எழுதினார்கள். நடுநிலை என்று நினைத்துச் செய்ததுதான். இந்த விஷயத்தில் சமநிலைக்காக ஒரு மறுப்பாளரை உட்காரவைக்கத் தேவையில்லை என்று பிபிசி தன் செய்தியாளர்களுக்குச் சொன்னது 2018-இல். பூமி சூடாகிறது என்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அமெரிக்க செனட்டில் சாட்சி சொன்னது 1988-இல். முப்பது வருஷம்.

சந்தேகம் தானாக முளைத்ததும் இல்லை. "சந்தேகமே நம் சரக்கு" என்று ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள் குறிப்பு 1969-இலேயே எழுதி வைத்திருக்கிறது. அதே உத்தி இங்கும் வந்தது. அமெரிக்காவின் குடியரசுக் கட்சிக்குச் சொல்லாலோசனை வழங்கிய ஃபிராங்க் லண்ட்ஸ், அறிவியலில் இன்னும் உறுதி இல்லை என்பதை விடாமல் பேசுங்கள், "புவி வெப்பமாதல்" என்பதைவிட "காலநிலை மாற்றம்" பயமுறுத்தாது என்று எழுதிய குறிப்பு 2003-இல் வெளியே வந்தது. தான் அன்று செய்தது தவறு என்று 2019-இல் செனட் குழு முன் அவரே சொன்னார். இந்த வரலாற்றை மேடையில் நீட்டி முழக்க வேண்டாம், மறுப்பவரை "நீ ஏமாந்தவன்" என்று சொல்வதுபோல் ஆகிவிடும். உங்கள் பையில் இருந்தால் போதும்.

படித்தவர்களுக்கு இன்னும் தகவல் கொடுத்தால் மனம் மாறுவார்கள் என்ற எண்ணமும் அடிபட்டுப்போன ஒன்று. 2012-இல் டேன் காஹன் குழு 1,540 அமெரிக்கர்களைச் சோதித்தது. அறிவியல் அறிவும் கணக்கறிவும் கூடக் கூட, காலநிலை ஆபத்து என்கிற அணியும் இல்லை என்கிற அணியும் நெருங்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? விலகின. கெட்டிக்காரர் தன் தரப்புக்குக் கெட்டிக்காரத்தனமாக வாதிடுகிறார். அதனால்தான் உங்கள் பொறியாளரை 40 வரைபடங்கள் அசைக்கவில்லை.

அதற்காக அவரை ஒதுக்கவும் வேண்டாம். அவர் துறை அறிவை மதித்து ஒரே ஒரு சான்றைக் கையில் கொடுங்கள். எனக்குப் பிடித்தது இது: சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் அடி முதல் நுனி வரை சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழ் அடுக்கு சூடாகிறது, மேலே இருக்கிற அடுக்குமண்டலம் குளிர்கிறது. போர்வை தடித்தால்தான் அப்படி ஆகும். முற்காலத்தில் காலநிலை மாறியது உண்மைதான், அந்த மாற்றங்களில் கரிவாயுவுக்கும் (கார்பன் டை ஆக்சைடு) பங்கு இருந்தது என்று ஒத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். 1958-இல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் அந்த வாயு பத்து லட்சத்துக்கு 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் 280. சொல்லும்போது முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் அவர், பதில் மற்றவர்களுக்கு. இரண்டாவது முறை அவர் எழுந்தால், "தேநீர் இடைவேளையில் பேசலாம் சார்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

97 சதவீத விஞ்ஞானிகள் என்ற எண்ணைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஜான் குக் குழு 2013-இல் 11,944 ஆய்வுச் சுருக்கங்களைப் படித்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, காரணம் பற்றி எதுவுமே சொல்லவில்லை. சொன்னவற்றில் 97 சதவீதம் மனிதரே காரணம் என்றது. மறுப்பவர் அந்த மூன்றில் இரண்டைத்தான் பிடித்துக்கொள்வார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று இன்றைய வானியல் கட்டுரைச் சுருக்கங்களில் யாரும் எழுதுவதில்லை என்று நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் அந்த வழி அடைபடும். பொய் வருமுன் அதன் தந்திரத்தைக் காட்டிவிடுவது நன்றாக வேலை செய்கிறது. தடுப்பூசி மாதிரி.

யார் சொல்கிறார் என்பதும் பெரிய விஷயம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கொலம்பியா என்றொரு நகரம், பழமைவாதிகள் நிறைந்த பகுதி. அங்கே ஜிம் கேண்டி என்ற தொலைக்காட்சி வானிலையாளர் 2010-இல் தினசரி வானிலைச் செய்திக்குள்ளேயே காலநிலையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஐவி என்ற கொடி. காற்றில் கரிவாயு கூடினால் அந்தக் கொடி செழித்து வளர்கிறது, அதன் எண்ணெயின் நச்சும் கூடுகிறது. பனிக்கரடி இல்லை, பனிப்பாறை இல்லை, வீட்டுக் கொல்லையில் அரிப்பு. ஒரு வருஷம் கழித்து ஆராய்ந்தபோது மற்ற சேனல் பார்த்தவர்களைவிட இவர் சேனல் பார்த்தவர்களுக்கு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது. தினமும் மழை வருமா என்று சொல்கிற முகம், அதை நம்பிப் பழகியவர்கள். உங்கள் விவசாயிகளுக்கு அப்படிப்பட்ட முகம் அவர்களில் ஒருவராகத்தான் இருக்கும். அவரை முன்னாலேயே சந்தித்து, "உங்க சின்ன வயசு மழைக்கும் இப்ப மழைக்கும் என்ன வித்தியாசம்?" என்று பேச வையுங்கள். அவர் பேசி முடித்ததும் நீங்கள் ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: 1 டிகிரி சூடு ஏறினால் காற்று 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, அதனால்தான் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது.

குழந்தைகளும் அப்படிப்பட்ட முகங்கள்தான். வட கரோலினாவில் பள்ளி மாணவர்களுக்குக் காலநிலைப் பாடம் நடத்தி, பெற்றோரிடம் எந்தப் பிரசாரமும் செய்யாமல் அளந்து பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். பெற்றோரின் கவலை கூடியிருந்தது. பழமைவாதப் பெற்றோரிடமும் அப்பாக்களிடமும்தான் அதிகம். மகன்களைவிட மகள்கள் நன்றாக வேலை செய்தார்கள். இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், என் வீட்டிலும் அதே கதைதான்.

அழுத மாணவியைப் பற்றி. 2021-இல் 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டதில் 59 சதவீதம் பேர் மிகவும் அல்லது அளவுகடந்து கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அந்த உணர்வு அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பதாகச் சொன்னவர்கள் 45 சதவீதம். அவர்களுக்கு இன்னொரு பேரழிவுப் படம் தேவையில்லை. 63 நாடுகளில் 59,440 பேரிடம் 11 விதமான செய்திகளைச் சோதித்த பெரிய ஆய்வொன்று 2024-இல் வந்தது. பயமுறுத்தும் செய்தி, சமூக ஊடகத்தில் பகிரும் விருப்பத்தை 12 சதவீதம் கூட்டியது. ஆனால் நேரத்தைச் செலவழித்து மரம் நடவைக்கும் பணியில் கொஞ்சம் பாடுபடச் சொன்னபோது அதே செய்தி முயற்சியைக் குறைத்தது. அந்தப் பணியை எந்தச் செய்தியும் கூட்டவில்லை. எதிர்காலத் தலைமுறைக்குக் கடிதம் எழுதச் சொன்னது கொள்கை ஆதரவைக் கூட்டியது, வெறும் 2.6 சதவீதம். எண்கள் சின்னவை. ஒரு பேச்சில் ஒரு கூட்டத்தைத் திருப்பிவிடலாம் என்று யாராவது பயிற்சி விற்றால் வாங்காதீர்கள், நான் விற்றாலும்.

மாணவர்களிடம் இன்னொன்று கவனியுங்கள். "நீ பிளாஸ்டிக் பை வாங்கினாய், நீ ஏசி போட்டாய்" என்று குற்றப் பட்டியல் வாசிக்காதீர்கள். தனிமனிதக் கார்பன் தடம் (ஓர் ஆளால் எவ்வளவு கரிவாயு வெளியேறுகிறது) என்ற கணக்கை 2000-களில் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததே ஒரு பெட்ரோல் நிறுவனத்தின் விளம்பரம், பிபி. கணக்கு பொய்யில்லை, ஆனால் பழி யார் தலைக்குப் போகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே உடைந்திருக்கிற பிள்ளைக்கு அந்தப் பழியும் சேர்ந்தால் அழத்தான் செய்யும். சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள்: கல்லூரியின் மின்கட்டண ரசீதுகளை வாங்கி, எந்தக் கட்டிடம் அதிகம் இழுக்கிறது என்று கண்டுபிடித்து முதல்வரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கடைசியாக, "காலநிலை மாற்றத்தை நம்புகிறீர்களா?" என்று எந்தக் கூட்டத்திலும் ஆரம்பிக்காதீர்கள். நம்பிக்கை என்ற சொல் வந்ததும் அது கடவுளும் பேயும் இருக்கிற வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.

அதற்குப் பதிலாக நான் இப்போது எல்லாக் கூட்டத்திலும் செய்வது இது. நுழையும்போதே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. பெயர் எழுத வேண்டாம், இரண்டே கேள்வி: இது உங்களுக்குக் கவலையா, ஆமா இல்லையா? இந்த அறையில் நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கவலை இருக்கும்? சீட்டுகளை மடித்து ஒரு பெட்டியில் போடச் சொல்லி, அங்கேயே இரண்டு பேரை விட்டு எண்ணச் சொல்லுவேன். பேச்சை ஆரம்பிக்குமுன் இரண்டு எண்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நிற்பேன். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். பொறியாளர்களிடம் அடுத்த முறை போகும்போது ஸ்லைடு ஒன்றைத் தூக்கிவிட்டு இதைச் செய்து பாருங்கள், எண்ணுகிற இருவரில் ஒருவராக அந்த மறுக்கிறவரையே கூப்பிடுங்கள்.